மூன்றாம் மணி நேரத்தில் ஒரு மடக்கு

நேயர்களுக்கு வணக்கம். நீண்ட நேரம் ஓடும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் இடையிடையே சர்க்கரை நீர் குடிப்பது எதற்கு என்று இன்று பார்ப்போம்.

நம் உடலில் ஓடும் ரத்தம் முழுவதிலும் சேர்த்து எவ்வளவு குளுக்கோஸ் இருக்கும்? சுமார் 5 கிராம்தான். ஒரு சின்னக் கரண்டி அளவு. மணிக்கணக்காக சைக்கிள் மிதிப்பவரின் கால் தசைகளோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 கிராம் வரை அதிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் காலியாகிவிட வேண்டாமா? ஆகாமல் காப்பது கல்லீரல். எடுக்க எடுக்க ஊற்றிக்கொண்டே இருக்கும்.

ஆனால் அதன் கையிருப்பே 100 கிராம் அளவுதான். தசைகளில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு கிளைகோஜன், அதாவது சேமித்து வைத்த குளுக்கோஸ், உண்டு. சரி, அதிலிருந்து கொஞ்சம் கொடுக்கலாமே என்றால், முடியாது. குளுக்கோஸாக மாற்றி ரத்தத்துக்கு அனுப்பும் நொதி தசையில் இல்லை. தொடையில் இருப்பது தொடைக்கு மட்டும்தான். மூளை பசித்தாலும் அது உதவாது.

1924இல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். தளர்ந்து, வெளிறிப்போய் வந்த சிலருக்குச் சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு, ஓடும்போதே மிட்டாய் சாப்பிட வைத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஆட்களும் தெம்பாக வந்து சேர்ந்தார்கள்.

அப்படியானால் குடிக்கும் சர்க்கரை தசையின் சேமிப்பை மிச்சப்படுத்துகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். 1986இல் உடற்பயிற்சி ஆய்வாளர் எட்வர்ட் காய்ல் குழுவினர் தேர்ந்த சைக்கிள் வீரர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் சுவைநீர் குடித்தபோது 3 மணி நேரத்தில் ஓய்ந்தவர்கள், மாவுச்சத்து கலந்த நீரில் 4 மணி நேரம் தாங்கினார்கள். ஆனால் தசைக் கிளைகோஜன் இரண்டு முறையும் ஒரே வேகத்தில்தான் கரைந்தது! அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் ஓடியது ரத்தத்தில் இருந்த குளுக்கோஸை நம்பி.

மிச்சமாவது கல்லீரலின் இருப்பு. அடையாளமிட்ட குளுக்கோஸைக் கொண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளில் இது தெளிவாகவே தெரிந்தது. வெளியிலிருந்து நிறைய வந்தால், கல்லீரல் தன் வாசலைக் கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. கூடவே, கொழுப்பு எரிவதும் ஓரளவு குறையும். உடல் இளைக்க ஓடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

அப்புறம், குடல். குளுக்கோஸை உள்ளே விடும் வழியில் மணிக்கு 60 கிராம் அளவுக்கு மேல் போகாது. மீறினால் வயிறு உப்பும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்குத் தனி வழி இருப்பதால், இரண்டையும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

நீண்ட ஓட்டம் என்றால், குடித்த சர்க்கரை முழு வீச்சில் எரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தலை சுற்றிய பிறகு புட்டியைத் தேடாதீர்கள். முதல் அரை மணி நேரத்திலேயே, தெம்பாக இருக்கும்போதே, மடக்கு மடக்காகத் தொடங்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.