ஒரு முழம்

நடுவர் அவர்களுக்கும், இரு அணித் தோழர்களுக்கும், மணி எட்டைத் தாண்டியும் எழுந்து போகாத ராயபுரத்து மக்களுக்கும் சேர்த்து ஒரே வணக்கம். தனித்தனியாகச் சொன்னால் எனக்குத் தந்திருக்கும் பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று போய்விடும். நான் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அதை அவசரத்தில் சொன்னால் கெட்டுவிடும்.

ரோபோ போன்ற உயர்ந்த தொழில்நுட்பம் உலகத்து ஏழையை வாழவைக்கிறதா, அவன் தெருமுனையோடு நின்றுவிடுகிறதா என்பது இன்றைய தலைப்பு. தெருமுனையோடு நின்றுவிடுகிறது என்று பேச வந்தவர்கள் நாங்கள். இதை ஏதோ உவமை என்று எதிரணியினர் நினைத்துக்கொண்டு, சென்ற ஒரு மணி நேரமாக அந்த உவமைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தெருமுனையில் உண்மையாகவே நின்ற ஓர் இயந்திரத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொருக்குப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த சந்தில் ஓர் ஐப்பசி மாதம் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் சாக்கடை அடைத்துக்கொள்வதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. ஆனால் அந்த ஆண்டு, மனிதன் உள்ளே இறங்காமல் அடைப்பெடுக்கும் ரோபோ வண்டி ஒன்று வாங்கப்பட்டிருந்தது. அதன் தொடக்க விழாவுக்கு நன்றாக அடைத்துக்கொண்ட சாக்கடை ஒன்று தேவைப்பட்டது. பல தெருக்களின் கடும் போட்டிக்கு இடையே எங்கள் சாக்கடை தேர்ந்தெடுக்கப்பட்டது.

காலை ஆறு மணிக்கே தெருமுனையில் சாமியானா போட்டார்கள். வண்டி வந்தது. அதற்குக் கை இருந்தது, கண் இருந்தது, அந்தக் கண் பார்ப்பதை நமக்குக் காட்ட ஒரு திரையும் இருந்தது. சாமந்தி மாலை சாத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள், அதில் பாதி உருண்டுபோய்ப் பக்கத்து மழைநீர் வடிகாலுக்குள் விழுந்து, அடுத்த அடைப்புக்கு அங்கேயே அடிக்கல் நாட்டியது. நாற்பது நிமிடம் பேசினார்கள். பச்சைக்கொடி அசைந்தது. வண்டி உறுமிக்கொண்டு எங்கள் சந்துக்குள் திரும்பியது. திரும்பியது என்று சொன்னால் பொய்யாகிவிடும், திரும்பப் பார்த்தது. வண்டியின் அகலம் சந்தின் அகலத்தைவிட ஒரு முழம் அதிகம்.

டேப் கொண்டுவந்து அளந்தார்கள். அளந்தால் சந்து அகலமாகிவிடுமா? இன்னொரு முறை அளந்தார்கள். குடங்களை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். டிவிஎஸ் எக்ஸ்எல்லை நகர்த்தச் சொன்னார்கள், நகர்த்தினோம். வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தாத்தாவைக் கட்டிலோடு தூக்கி உள்ளே வைத்தோம். அரை முழம் கிடைத்தது. மீதி அரை முழத்துக்கு, எதிர்வீட்டு ஆயாவின் வாசற்படியை இடித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஆயா போய்ப் படியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "எங்க மாமனார் கட்ன படி. இடிக்கிறதுன்னா என்னியும் சேத்து இடி" என்றார். அப்போதுதான், சட்டைப்பையில் இரண்டு பேனா செருகியிருந்த, பார்த்தாலே படித்தவர் என்று தெரிகிற ஒருவர், எங்கள் சந்தின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டார்: "இந்த மேன்ஹோலைக் கொஞ்சம் மெயின் ரோட்டுப் பக்கமா நகர்த்த முடியாதா?"

இந்தக் கதையை எங்கள் சந்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். டீக்கடைக்காரர் சொன்னால் ஒரு முழம் மூன்று முழமாகும். ஆயா சொன்னால், அவர் படியில் உட்காரவில்லை, வண்டிக்கு முன்னால் படுத்துவிட்டார். தாத்தாவோ, விழாவுக்குத் தலைமை தாங்கத்தான் தம்மைக் கட்டிலோடு தூக்குகிறார்கள் என்று கடைசிவரை நம்பியிருந்தார். ஆனால் யார் சொன்னாலும் கதை ஓரிடத்தில் போய் முடியும். மறுநாள் விடியற்காலையில், மாலை இல்லாமல், பூசணிக்காய் இல்லாமல், ஒருவர் வந்தார். கையில் நீளமான மூங்கில் பிளாச்சு. சட்டையைக் கழற்றி ஆயாவின் படியில் வைத்தார். ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். கடப்பாரையால் மூடியை நெம்பினார். அவருடைய அகலத்துக்கு எங்கள் சந்து போதுமானதாக இருந்தது.

அவரை அதற்குள் இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தாயிற்று. சாக்கடைக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஒன்பது ஆண்டில் தொகை மும்மடங்காகியிருக்கிறது, சந்து அதே அகலத்தில் இருக்கிறது. கேரளத்து இளைஞர்கள் இந்த வேலைக்கென்றே ஒரு ரோபோவை உருவாக்கி 2018இல் களத்தில் இறக்கினார்கள். நம் சென்னை ஐஐடியில் மலக்குழிக்கென்று ஒன்றை உருவாக்கினார்கள். அவர்களுடைய அறிவையும் அக்கறையையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் சந்தின் அகலத்தை யார் அளந்துகொண்டு போய் அவர்களிடம் கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

இனி எதிரணித் தோழருக்கு வருகிறேன். அவர் என்னைச் சுட்டிக்காட்டி, "தொழில்நுட்பத்தைக் குறை சொல்பவர் மாட்டுவண்டியில் அல்லவா வந்திருக்க வேண்டும்? மெட்ரோ ரயிலில் ஏசிக் காற்றில் தூங்கி வழிந்துகொண்டு வந்து வண்ணாரப்பேட்டையில் இறங்கியதை என் கண்ணால் கண்டேன்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் இருக்கும் என் தெருக்காரர்களும் கைதட்டினார்கள். அதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆமாம், மெட்ரோவில்தான் வந்தேன். தூங்கவும் செய்தேன். தோழர் என்னை எங்கிருந்து பார்த்தார் என்பதை மட்டும் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டார். நிலையத்துத் தானியங்கிக் கதவு அவருடைய டிக்கெட்டைப் படிக்க மறுத்து, அவரை வெளியே விடாமல் நிறுத்தி வைத்திருந்தது. அவர் டிக்கெட்டை நேராகக் காட்டினார், தலைகீழாகக் காட்டினார், வேட்டியில் துடைத்துவிட்டுக் காட்டினார். கடைசியில் ஒரு காவலர் வந்து, மனிதர்தான், கையால் திறந்துவிட்டார்.

வண்ணாரப்பேட்டைக்கு 2019இல் மெட்ரோ வந்தது, 2021இல் விம்கோ நகர் வரைக்கும் போனது. நல்ல வண்டி. ஆனால் காசிமேட்டில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் தட்டிப்போட்டு, தலையில் சுமந்துகொண்டு போகும் அக்காவை நினைத்துப் பாருங்கள். முதல் மெட்ரோ 5 மணிக்குப் புறப்படும்போது, அவர் இருட்டிலேயே ஏலம் முடித்து ஷேர் ஆட்டோவில் பாதி வழி போயிருப்பார். மீன்தண்ணீர் சொட்டும் கூடையோடு அந்தப் பளபளக்கும் தரையில் ஒருவர் நின்று நீங்கள் பார்த்ததுண்டா? புறநகர் மின்ரயிலில் வியாபாரிகளுக்கென்று ஒரு பெட்டியை ஒதுக்கியவர், ஏழை ஊருக்குப் போகும்போது கையில் கூடை இருக்கும் என்று யோசித்தவர். மெட்ரோவில் கைபேசிக்கு மின்னேற்ற இடம் வைத்தார்கள், கூடைக்கு இடம் வைக்க மறந்தார்கள்.

மாட்டுவண்டி என்று சொன்னீர்களே தோழரே, துறைமுகத்துக்கு மாட்டுவண்டியில் மூட்டை அடித்தவரின் பேரன் நான். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. தோள் தோளாக ஏறி இறங்கிய சரக்கை இரும்புப் பெட்டியில் அடைத்துக் கிரேன் தூக்கிக்கொண்டது. எங்கள் தாத்தாவின் முதுகு தப்பித்தது. அதற்கு அந்தக் கிரேனுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். முதுகு தப்பித்ததோடு கூலியும் தப்பித்துப் போய்விட்டது. இயந்திரம் பழைய வேலையை எடுத்தால் புதிய வேலையைக் கொடுக்கும் என்று எதிரணிச் சகோதரி சொன்னார். கொடுத்தது. கிரேன் ஓட்டும் வேலை படித்த வேறொருவருக்குப் போனது. துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர்களுக்குத் தூக்குவாளியில் டீ கொண்டுபோய் விற்கும் வேலை தாத்தாவுக்குக் கிடைத்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் அந்த வரிசையின் நீளத்தைப் பார்த்தவர்களுக்கு, அது குறைந்த வேலை இல்லை என்பது தெரியும்.

சகோதரி சொன்ன மூன்று எடுத்துக்காட்டுகளையும் நான் மறுக்கவில்லை. ருவாண்டாவின் மலைநாட்டில் 2016 முதல் ட்ரோன்கள் மருத்துவமனைகளுக்கு ரத்தம் சுமந்து போகின்றன. அவை வானத்தில் போவதால் சந்தின் அகலம் குறுக்கே வரவில்லை. கைபேசி வந்த பிறகு, எந்தக் கரையில் என்ன விலை என்று கடலில் இருந்தபடியே கேட்டறிந்து, கேரள மீனவர்கள் லாபத்தை 8 சதவீதம் கூட்டிக்கொண்டார்கள் என்று ஆய்வே இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1992இல் கண்ணுக்குள் வைக்கும் விழிவில்லையை இங்கேயே செய்யத் தொடங்கி, நூறு டாலருக்குமேல் விற்ற பொருளைப் பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்தார்கள். அந்த மூன்றாவதில்தான் சகோதரி மாட்டிக்கொண்டார். வில்லையைச் செய்தது இயந்திரம், விலையைச் செய்தது அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் மனசு. மற்ற இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது, நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேலைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. எண்ணூர்க் குப்பத்தில் என் பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் நாங்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். 26 கிலோ எடையுள்ள, ஆறு சக்கரம் வைத்த ஒரு ரோபோ அங்கே உருண்டது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவர் பெரியம்மா. நிலவில் தெருக்கள் அகலமாக இருந்திருக்கின்றன.

அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. கொசஸ்தலையாற்று முகத்துவாரம் முழுக்கக் கருப்பாகப் படிந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி, கூழைக்கடாவின் இறக்கை எல்லாம் கருப்பு. எண்ணெயை உறிஞ்சும் இயந்திரங்களும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் படகு படகாகப் போன மீனவர்களின் கையில் இருந்தவை ஜக்கும் வாளியும். பெரியம்மாவின் மகன், என் அண்ணன், நாற்பத்தைந்து வயது, அந்தப் படகுகளில் ஒன்றில் இருந்தார். நாள் முழுவதும் குளிக்கிற ஜக்கால் எண்ணெயை மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார், சீயக்காய் போட்டுத் தேய்த்தார். கருப்பு கொஞ்சம் போனது, நாற்றம் போகவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக் கையை வாய்க்குக் கொண்டுபோனால் குமட்டியது. இரண்டாம் நாள் இரவும் அவர் தட்டைத் தள்ளிவைத்தபோது, பெரியம்மா எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டார். வாசற்படியில் உட்கார்ந்து ரசஞ்சோற்றைப் பிசைந்து, அண்ணனின் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு ஒவ்வொரு வாயாக ஊட்டினார். சிறுவயதில் அண்ணனுக்கும் எனக்கும் நிலாவைக் காட்டிக் காட்டி ஊட்டிய அதே படி அது.

நடுவர் அவர்களே, அன்றைக்கும் மேலே வளர்பிறை நிலா இருந்தது. பெரியம்மா அதைக் காட்டவில்லை.