அந்த ஐந்தரை மணி நேரம்

ராயபுரத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "விண்டோஸ் இருந்த கம்ப்யூட்டரிலேயே லினக்ஸ் மின்ட் என்கிற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் போட்டேன் அண்ணா. மின்ட்டில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் மணி தப்பாகக் காட்டுகிறது. மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று கடையில் இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். இன்னும் அப்படியேதான் இருக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்க நிற்கும்போது இதைப் படித்தேன். வஞ்சிரம் விலை பேசுவதை விட்டுவிட்டு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தப்பு என்று அவர் எழுதவில்லை. கேட்டேன். "ராத்திரி எட்டு மணிக்கு மதியம் இரண்டரை காட்டுகிறது" என்றார். சரி, விடை கிடைத்துவிட்டது. நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள அதே ஐந்தரை மணி நேரம்! பேட்டரி செத்தால் இவ்வளவு கணக்காகப் பிசகாது, தேதியே பல வருடம் பின்னால் போய் நிற்கும். பாவம், அந்த சி.ஆர். 2032 பேட்டரி மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம் என்றால் எனக்கு ஒண்டுக்குடித்தனம்தான் ஞாபகம் வரும், அந்தக் கதைக்கே மறுபடியும் வருகிறேன். பழைய ஆட்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையில் நான் வளர்ந்த வீட்டில் இரண்டு குடித்தனம், நடையில் பொதுவாக ஒரு சுவர்க்கடிகாரம். மதர்போர்டில் இருப்பதும் அப்படி ஒரு பொதுக்கடிகாரம்தான். அது எந்த ஊர் நேரம் என்று அதற்கே தெரியாது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பழக்கம். லினக்ஸோ அதில் கிரீன்விச் நேரத்தை வைத்துவிட்டு, திரையில் காட்டும்போது ஐந்தரையைக் கூட்டிக்கொள்ளும். மின்ட் திருத்தி வைத்துப்போன முள்ளை விண்டோஸ் வந்து அப்படியே படிக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை.

லினக்ஸையே விட்டுக்கொடுக்கச் சொல்லலாம். மின்ட்டில் கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று கொடுங்கள். ஆங்கில எழுத்தில் timedatectl set-local-rtc 1, அதைப் பார்த்து அடியுங்கள். அப்புறம் வெறும் 'டைம்டேட்சிடிஎல்' என்று கொடுத்துப் பார்த்தால் ஓர் எச்சரிக்கை காட்டும். கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று கடிகாரத்தை மாற்றுகிற நாடுகளில்தான் அது பெரிய தலைவலி. நமக்கு அந்த வழக்கம் இல்லை. அதன்பிறகு விண்டோஸில் ஒரு தடவை நேரத்தைச் சரிசெய்தால் போதும்.

ஆனால் தங்கச்சி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. விண்டோஸை ஷட் டவுன் செய்தால் அது உண்மையிலேயே மூடுகிறதா? மூடுவதில்லை! விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. பாதியை டிஸ்க்கில் உறங்க வைத்துவிட்டுப் போகும். எதிர்ப் போர்ஷன்காரர் சாமான்களைப் பரப்பி வைத்தபடியே கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போன மாதிரி. அந்த நேரத்தில் லினக்ஸ் போய் டி டிரைவைத் திறந்தால் பெரும்பாலும் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது.

நான் ஒரு தடவை முரண்டு பிடித்து எழுத வைத்தேன். அக்கா மகள் சீமந்தத்து போட்டோக்கள், ஒரு ஃபோல்டர் நிறைய. மறுநாள் விண்டோஸில் பார்த்தால் ஃபோல்டரே இல்லை. டிஸ்க்கின் பழைய கணக்கை நினைவில் வைத்துக்கொண்டே எழுந்தது அது, நான் வைத்ததற்குக் கணக்கில் இடமில்லை. நல்லவேளை, கேமராவின் கார்டை அழிக்காமல் வைத்திருந்தேன். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அதனால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் மங்கலாக இருந்தால் மேலே ஒரு லிங்க் இருக்கும், அதைத் தட்டினால் திறக்கும். இப்போதே அவசரமாக மின்ட்டுக்குப் போக வேண்டுமா? ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட்டில்தான் விண்டோஸ் முழுசாக மூடும்.