கவ்வுவது பாடமில்லை, கொடுப்பதுதான் பாடம்

நேயர்களுக்கு வணக்கம். சுட்டு வீழ்த்திய பறவையைத் தேடி எடுத்துவர நாயைப் பழக்குவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓடிப்போய்க் கவ்வ நாய்க்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களை இந்த வேலைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்திருக்கிறார்கள். கவ்வியதைக் கசக்காமல் கொண்டுவந்து நம் கையில் விட வைப்பதில்தான் முழுப் பாடும் இருக்கிறது.

குட்டிக்கு முதல் பள்ளிக்கூடம், ஒரு பக்கம் மூடிய நடைவழி. சுருட்டிய காலுறையை உருட்டிவிடுங்கள். எடுத்த குட்டி எங்கே போனாலும் உங்களைத் தாண்டித்தானே போக வேண்டும்? வந்ததும் பலரும் செய்வது, வாயிலிருந்து வெடுக்கென்று பிடுங்குவது. அப்படிப் பிடுங்கினால், கிட்டே போனால் பறிபோகும் என்று குட்டி கணக்குப் போட்டுவிடும். அப்புறம் எட்டாத தூரத்திலேயே நின்று சுற்றும். உட்கார்ந்து, நெஞ்சையும் கழுத்தையும் தடவிக்கொடுத்து, கொஞ்ச நேரம் அதன் வாயிலேயே இருக்க விடுங்கள். கையை மெல்லத் தாடைக்குக் கீழே கொண்டுபோய் வாங்குங்கள். வெளியில் பழக்கும்போது பொருளோடு ஓடினால் துரத்தவே கூடாது. நீங்கள் எதிர்த்திசையில் ஓடுங்கள், அது உங்களைத் துரத்தி வரும்.

நாலைந்து தடவை வீசினால் போதும். இன்னும் வேண்டும் என்று அது ஏங்கும்போதே நிறுத்திவிடுங்கள். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பால்பல் விழுந்து ஈறு வலிக்கும். அப்போது இந்த வேலைக்கு விடுப்பு கொடுப்பது நல்லது. கயிறு இழுக்கும் விளையாட்டு எந்த வயதிலும் வேண்டாம்.

பறவையை நசுக்கும் வாய் ஒருமுறை பழகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. பிடுங்குவதாலும் வரும், காயம்பட்டு உயிரோடு துடிக்கிற பறவையை அனுபவமில்லாத நாயிடம் விடுவதாலும் வரும். சோதிக்க, பறவையை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரல் ஒருபுறமும் மற்ற விரல்கள் மறுபுறமுமாக விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் நொறுங்கியிருந்தால் நாயைச் சந்தேகிக்கலாம். ஆனால் கெட்டித் தரையில் விழுந்தாலும் எலும்பு உடையும், அதனால் ஒரே பறவையை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

காலுறைக்கு அப்புறம் டம்மி, அதாவது பறவைக்குப் பதிலாக வீசும் கித்தான் துணிப் பொதி; பிறகு அதில் கட்டிய இறக்கை, அதற்கும் பிறகுதான் முழுப் பறவை. அதிலும் முதலில் இரத்தம் கசியாத, ஆறிப்போன பறவை. இறகு வாயில் ஒட்டினால் சில நாய்கள் துப்பிவிடும். பழைய நைலான் காலுறைக்குள் பறவையை நுழைத்துக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. வேட்டைக்குச் சட்டம் இடங்கொடுக்காத இடத்தில் டம்மியோடு நின்றுகொள்ளலாம். நாய்க்கு அதுவே கொண்டாட்டம்தான்.

துப்பாக்கிச் சத்தத்தை வெகு தூரத்திலிருந்து தொடங்கி, நாள்போக்கில் மெதுவாகக் கிட்டே கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் காலத்துக்கும் மிரளும். வீசுவதில் பாதியை நீங்களே நடந்து போய் எடுங்கள். விழுந்ததெல்லாம் தனக்கில்லை, சொன்னால்தான் போக வேண்டும் என்று நாய் உட்கார்ந்து பார்க்கப் பழகும்.

தண்ணீரில் ஒரு சிக்கல் உண்டு. கரையேறியதும் உடம்பை உதறுவதற்காக நாய் பறவையைக் கீழே போடும்; அடிபட்ட வாத்தாக இருந்தால் மறுபடி நீருக்குள் போய்விடும். ஆகவே முதலில் நீர் விளிம்பிலேயே நின்று, உதறுவதற்கு முன் வாங்கிவிடுங்கள். போகப்போக ஓரிரு அடி பின்னால் நகருங்கள்.

கடைசியாக, காயம்பட்ட பறவை விழுந்த இடத்தில் கிடக்காது, புதருக்குள் ஓடும். நீங்கள் பார்த்த இடத்தை விட்டு நாய் மூக்கைத் தரையில் வைத்து விலகிப் போனால், விசிலடித்துத் திருப்பாதீர்கள். மோப்பம் பிடித்துப் போகிறது, விடுங்கள். நன்றி, வணக்கம்.