தண்ணீர் எந்தப் பக்கமோ, வளைவு அந்தப் பக்கம்

[காட்சி: விடியலுக்கு முந்தைய இருட்டு. பெருங்களத்தூர் தாண்டிய ஜிஎஸ்டி சாலை, சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை. ஒற்றை ஹெட்லைட் வெளிச்சம்.]

சென்னைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பைக் பயணம் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய ஊர் இது. திருவொற்றியூரில் புல்லட் செய்த ஊர் இது. ஆனாலும் நம்மில் பலர் நேர்கோட்டில் ஓட்டித்தான் பழகியிருக்கிறோம். வளைவு வேண்டுமென்றால் மலைக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறோம். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70 என்று எண்ணி வைத்திருக்கிறோம்.

மலையேறாமலே வளைந்து வளைந்து போகும் சாலைகள் செங்கல்பட்டைத் தாண்டியதுமே தொடங்கிவிடுகின்றன. அவற்றை வளைத்தது ஏரி.

[காட்சி: படாளம் கூட்டுரோடு. நெடுஞ்சாலையிலிருந்து பைக் வலப்பக்கம் பிரிந்து வேடந்தாங்கல் திசையில் போகிறது.]

இங்கிருந்து வேடந்தாங்கல், அப்படியே உத்திரமேரூர். இந்தப் பக்கத்தில் ஏரி இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏரிகள் எப்படி அமைந்தன என்று தெரிந்துகொண்டால், சாலை எங்கே எப்படித் திரும்பும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

[காட்சி: கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் வரையும் கை. பிறை வடிவக் கோடு ஒன்று.]

நிலம் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. மழைநீர் ஓடிவரும் சரிவில், தாழ்ந்த பக்கத்தில் மட்டும் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். மேட்டுப் பக்கத்துக்குக் கரை தேவையில்லை. கரையின் இரண்டு முனைகளும் மேட்டை நோக்கி வளைந்து போய் நிலத்தோடு சேர்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் பிறைநிலா. பிறையின் உள்ளே தண்ணீர், வெளியே ஆயக்கட்டு, அதாவது ஏரிநீர் பாயும் வயல்கள். பிற்காலத்தில் பல இடங்களில் அந்தக் கரையின் மீதோ, அதன் அடியை ஒட்டியோ சாலை போட்டார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஏரி வாரியமும் ஒன்று. முதலாம் பராந்தக சோழன் காலம், ஏறக்குறைய 1100 ஆண்டுகளுக்கு முன்பு. கரையைப் பேணுவதற்கென்றே அன்று ஒரு வாரியம் இருந்தது. இப்படிப்பட்ட கரைகளின் மீதுதான் இன்று நாம் கியர் மாற்றுகிறோம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு விவசாயி. தை மாதம், அறுவடை முடிந்த நேரம். கரைச்சாலையில் வைக்கோல் பரப்பிக் காய வைத்திருந்தார்கள். நான் 60 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் நுழைந்து, வைக்கோலைப் பார்த்ததும் முன் பிரேக்கை இறுக்கினேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வண்டியைத் தூக்கி நிறுத்திய பெரியவர் என் முழங்கையைக் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "தம்பி, தண்ணீர் எந்தக் கைப்பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கரை திரும்பும். இது தெரியாமல் இவ்வளவு வேகமாக வரலாமா?"

[காட்சி: ஹெல்மெட்டில் பொருத்திய கேமரா. இடது பக்கம் நீர்ப்பரப்பு, சாலை இடது பக்கமே வளைகிறது.]

அவர் சொன்ன கணக்கு பெரும்பாலான கரைகளுக்குப் பொருந்துகிறது. தண்ணீர் இடது கையில் இருந்தால் சாலை இடது பக்கமாகவே வளைந்துகொண்டு போகும். அப்போது வேகம் மிஞ்சினால் வண்டி சாலையின் நடுவே தள்ளப்படும், எதிரே வரும் டிராக்டரை நோக்கி. தண்ணீர் வலது கையில் இருந்தால் வளைவும் வலது. நீங்கள் வெளி விளிம்பில் இருப்பீர்கள். மிஞ்சினால் கரைச் சரிவில் இறங்கி வயலில்தான் நிற்பீர்கள்.

எவ்வளவு வேகம் மிஞ்சிய வேகம்? 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சுமார் 23 டிகிரி சாய வேண்டும். அதே வளைவில் 60 என்றால் 43 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆனால் வண்டியை வளைக்கத் தேவையான விசை இரண்டேகால் மடங்கு ஆகிவிட்டது. நாம் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகும் வண்டிகள் பலவற்றில், அந்தச் சாய்வை எட்டுவதற்குள் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசத் தொடங்கிவிடும்.

சாய்ப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓட்டுநர் உரிமம் வாங்க எட்டுப் போட்டுக் காட்டும்போது இதை யாரும் சொல்வதில்லை. ஓரளவு வேகத்தில் போகும்போது வலது பக்கம் திரும்ப வேண்டுமா? வலது கைப்பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ளுங்கள். முன்சக்கரம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இடது பக்கம் நகரும், அதனாலேயே வண்டி வலது பக்கம் சாயும், சாய்ந்ததும் திரும்பும். சைக்கிள் ஓட்டும்போதே நம் கைகள் இதை அறியாமல் செய்துகொண்டுதான் இருக்கின்றன. தெரிந்து செய்தால், வளைவு நினைத்ததைவிட இறுக்கமாக இருக்கும்போது கை பதறாது.

பிரேக் விஷயத்துக்கு வருவோம். டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். அந்தப் பிடி ஒன்றுதான் வண்டியைத் திருப்பவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். சாய்ந்திருக்கும்போது பிடியின் பெரும்பங்கு திரும்புவதற்கே செலவாகிவிடுகிறது. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி சாயாமல் நேராகப் போகும்போதே குறையுங்கள். கியரையும் அங்கேயே இறக்கிவிடுங்கள். உள்ளே ஆக்சிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்திருந்தால் போதும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் உண்டு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு. அது நேர்கோட்டில் உயிர்காக்கும் கருவி. ஆனால் சாய்ந்த வண்டி வைக்கோலில் வழுக்குவதைச் சாதாரண ஏபிஎஸ்ஸால் தடுக்க முடியாது.

[காட்சி: கரையின் முடிவு. சாலை இறங்கி ஒரு தரைப்பாலத்தைக் கடக்கிறது. கான்கிரீட்டின் மேல் பச்சைப் பாசி.]

கரையில் நான் மிகவும் அஞ்சுவது இந்த இடத்தைத்தான். இது கலங்கல், ஏரி நிரம்பினால் மிச்ச நீர் வழிந்து போகும் வாய். சாலை கரையை விட்டு இறங்கி, பெரும்பாலும் திரும்பிக்கொண்டே, அந்த வழிநீரைத் தரைப்பாலத்தில் கடக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து சில வாரங்கள் ஆன பிறகும் இங்கே நீர் கசிந்துகொண்டிருக்கும், பாசி பிடித்திருக்கும். பாலத்துக்கு முன்பே வண்டியை நிமிர்த்தி, பிரேக்கைத் தொடாமல், நடை வேகத்தில் நேராகக் கடந்துவிடுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இறங்கவே வேண்டாம். ஆழம் கண்ணுக்குத் தெரியாது. திரும்பிப் போவதில் எந்தக் குறையும் இல்லை.

ஊருக்குள் வளைவுகள் வேறு மாதிரி. அங்கே சாலை வயல் வரப்பை ஒட்டிப் போய் சட்டென்று செங்குத்தாக மடங்கும். சாலை எப்படிப் போகும் என்று அறிய மின்கம்ப வரிசையை நம்ப வேண்டாம், கம்பி வயலின் குறுக்கே நேராகப் போய்விடும். வண்ணம் அடிக்காத வேகத்தடை, மாலையில் வீடு திரும்பும் எருமைகள், இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். உலர்ந்த தார்ச்சாலையில் 40இல் போகிறவருக்கு, ஆபத்தைப் பார்த்த நொடியிலிருந்து வண்டி நிற்க 20 மீட்டருக்குச் சற்று மேல் ஆகும், ஏறக்குறைய இரண்டு பேருந்துகளின் நீளம். 60இல் அது 40 மீட்டர். சீமைக்கருவேல மரங்கள் மறைத்த வளைவில் எத்தனை மீட்டர் கண்ணுக்குத் தெரிகிறதோ, அதற்குள் நிற்கக்கூடிய வேகமே உங்கள் வேகம்.

[காட்சி: காலை ஒன்பது மணி. அதே கரை, எதிர்த் திசையில்.]

உத்திரமேரூரில் சிற்றுண்டி முடித்துத் திரும்பும்போது, வந்த வழிதானே என்று கைகள் தளர்ந்துவிடும். கவனியுங்கள். தண்ணீர் இப்போது வலது கையில் இருக்கிறது. வரும்போது உள்விளிம்பில் எடுத்த வளைவுகளை எல்லாம் இப்போது வயலோரத்து வெளிவிளிம்பில் எடுக்கிறீர்கள். வெயில் முகத்துக்கு நேரே அடிக்கிறது. களத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். காலையில் வெறுமையாக இருந்த தாரில் நெல்லும் வைக்கோலும் பரப்பத் தொடங்கிவிட்டார்கள்.