ஏ.சி. சொட்டுகிறதா? வெளியேயும் போய்ப் பாருங்கள்

(காட்சி: மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு படுக்கையறை. ஏ.சி.க்குக் கீழே சுவரில் பழுப்புத் தாரை. தரையில் ஒரு சட்டி. சொட்டும் சத்தம்.)

இரவு இரண்டு மணிக்கு இந்தச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தவன் நான். "காஸ் முடிந்திருக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். பெரும்பாலும் காஸ் அல்ல. தண்ணீர் வெளியேறும் மெல்லிய குழாய்தான்.

குளிர்ந்த தேசிக்காய்த் தண்ணீர் ஊற்றிய கிளாஸ் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? ஏ.சி.க்குள் இருக்கும் குளிர்ந்த சுருளும் அப்படித்தான் வியர்க்கிறது. அந்தத் தண்ணீர் கீழே உள்ள தட்டில் விழுந்து, குழாய் வழியே வெளியே போகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடிக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் நாட்களில் வடிவது குறையும். ஆனால் அப்போது உள்ளே போகும் புழுதிதான் பிறகு தட்டில் வழுவழுப்பாகிக் குழாயை அடைக்கிறது.

முதலில் பிரேக்கரை அணையுங்கள். ரிமோட்டில் நிறுத்தியது போதாது. உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. முன்மூடியைத் திறந்து சுருளைப் பாருங்கள். பனி படிந்திருந்தால் வடிகட்டியைக் கழுவிக் காய வையுங்கள். அதன் பிறகும் பனி பிடித்தால் திருத்துபவரை அழையுங்கள். காஸ் குழாயில் நீங்கள் கை வைக்காதீர்கள்.

பனி இல்லையா? முற்றத்துக்கு வாருங்கள்.

(காட்சி: குழாயின் முனை, நிரம்பிய வாளிக்குள்.)

இது என் கைவேலை. கறிவேப்பிலைக்கு ஊற்றலாமே என்று குழாயை வாளிக்குள் விட்டிருந்தேன். வாளி நிரம்பி முனை மூழ்கியதும் குழாய்க்குள் இருந்த காற்று வெளியேற வழியில்லை. மேலிருந்து வந்த தண்ணீர் அறைக்குள் வழிந்தது. சில வீடுகளில் முனை மணலில் புதைந்திருக்கும், அல்லது குளவி மண்ணால் கூடு கட்டியிருக்கும்.

முனையைத் துடைத்து, தண்ணீரையும் உறிஞ்சக்கூடிய வெக்குவம் கிளீனரைப் பொருத்தி, இடைவெளியை ஈரத்துணியால் சுற்றிப் பிடித்து இரண்டு நிமிடம் உறிஞ்சவிடுங்கள். எனக்குக் கறுப்பாக, ஊறிய பாசி போல ஒரு கட்டி வந்தது, நாற்றம் தாங்கவில்லை. சைக்கிள் பம்பால் பலமாக ஊதாதீர்கள். அழுக்கு தட்டுக்கே திரும்பும், குழாய் மூட்டும் கழன்றுவிடலாம்.

இப்போது ஒரு போத்தலில் இருந்து தட்டில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே ஒழுகினால் வேலை முடிந்தது. வழியிலேயே கசிந்தால் மூட்டில் பிழை, அல்லது வெயிலில் வெடித்த நெளிகுழாய். ஈரத்தின் மேல் டேப் சுற்றுவது வீண். வெடித்த துண்டை வெட்டி எறிந்து, பிவிசி குழாயை உப்புத்தாளால் தேய்த்து, பசை பூசி இணைத்து, காயும்வரை ஏ.சி.யைப் போடாதீர்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கும்.

(காட்சி: வாளி. அதன் விளிம்புக்கு ஒரு சாண் மேலே கட்டிய குழாய் முனை.)

வாளியை நான் எடுத்துவிடவில்லை. குழாயைத்தான் உயர்த்திக் கட்டியிருக்கிறேன்.