சாமியைப் பார்க்க ஏரிக்கரைக்குப் போனோம்

(மறைபரப்பு ஞாயிறு மாலை, பாம்பன் பக்கத்துப் பங்கு ஒன்றில் நடந்த கூட்டத்தில் விசைப்படகு உரிமையாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பங்குத்தந்தை அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, என்னோடு கடலுக்கு வரும் தம்பிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இன்றைக்கு மறைபரப்பு ஞாயிறு, வேதம் பரப்பப் போகிறவர்களை நினைக்கிற நாள். 1926-இல் பதினொன்றாம் பயஸ் திருத்தந்தை ஏற்படுத்தியது. வருஷா வருஷம் அக்டோபரில் இது வரும்போது நாம் யாரைப் பற்றிப் பேசுவோம்? கடற்கரையோரமாக வந்த சவேரியாரைப் பற்றி. 1549-இல் நம்ம வேதாளையில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலியைப் பற்றி. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரைப் பற்றி, அதாவது போர்ச்சுகலிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோவைப் பற்றி. எல்லாரும் எங்கிருந்தோ நம்மிடம் வந்தவர்கள். அவர்கள் வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா?

அருளானந்தரின் தாய் லிஸ்பனில் இருந்தார். கணவர் பிரேசிலில் ஆளுநராகப் போய் இறந்துவிட்டார். கடைசிப் பிள்ளையும் 1673-இல் கப்பல் ஏறப் புறப்பட்டபோது, அவரை நிறுத்துவதற்காக அந்த அம்மா பெரிய இடம்வரை முறையிட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. பதினான்கு வருஷம் கழித்து, 1687-இல், சபை வேலையாக அவரே ஊர் திரும்பினார். அவ்வளவுதான் சந்திப்பு. 1690-இல் மறுபடி நம் பக்கம் கப்பலேறிவிட்டார். மூன்று வருஷத்தில் ஓரியூர். ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்கிற நாம் அந்த அம்மாவை நினைத்ததில்லை. என் தம்பி ஆப்பிரிக்காவுக்குப் போகும்வரை நானும் நினைத்ததில்லை.

தம்பி என்றுதான் சொல்கிறேன், மன்னியுங்கள். குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவர் சாமி. அம்மாகூட ‘சாமி சாப்பிட்டாச்சா’ என்றுதான் போனில் கேட்பார். கென்யா நாட்டில் விக்டோரியா ஏரிக்கரையில், ஹோமா பே மறைமாவட்டத்தில் ஒரு மீனவப் பங்கு அவருடையது. பணிக்காலம் முடிகிறது, ஊருக்குக் கூப்பிடுகிறார்கள் என்று செய்தி வந்ததும் எல்லாரும் மதுரை ஏர்போர்ட்டில் மாலையோடு நிற்பதைப் பற்றிப் பேசினார்கள். அம்மா மட்டும், ‘அவர் கிளம்புறதுக்கு முந்தி நான் அங்க போகணும்’ என்றார்.

எனக்குத் தோதான காலம் ஒன்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், கையில் காசு கம்மி, ஆனால் நேரம் உண்டு. சரி, போவோம் என்றேன்.

பாஸ்போர்ட்டில்தான் முதல் சிக்கல். அம்மாவுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இரண்டும் கலந்த ஒரு பெயர். நம் கரையில் பாதி அம்மாமார் கதை இதுதான். சீக்கிரம் சரிசெய்து வையுங்கள். அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. இதைக் கவனமாகக் கேளுங்கள். கென்யாவிலிருந்து திரும்பும்போது அந்த ஊசிச் சான்று இல்லையென்றால் நம் நாட்டு விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள்வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். நாங்கள் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டோம். அறுபது வயது தாண்டியவர்கள் என்றால் டாக்டர் யோசித்துத்தான் போடுவார். இருக்கிற நோய், சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள்.

மும்பை வழியாக நைரோபி. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போனோம். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அம்மா இரண்டு சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து ஏரிக்கரை ஊரான கிசுமு. வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டிலிருந்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டிப்போய்ப் போட்ட ரயில் பாதை 1901-இல் முடிந்தது அந்த ஊரில்தான். கட்டும்போது செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். சாமி இதைச் சொன்னபோது அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். பரப்பு 68,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் தமிழ்நாட்டில் பாதிக்கும் அதிகம். எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கிறது, படகுகள் நிற்கின்றன, ஆனால் நல்ல தண்ணீர் என்கிறார்கள். அம்மா நம்பவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டார். சாமி பதறிப்போய், ‘துப்புங்கம்மா, துப்புங்க’ என்று கத்தினார். அந்தத் தண்ணீரில் நத்தை வழியாகப் பரவும் புழுநோய் ஒன்று உண்டாம். அதற்குப் பிறகுதான் பிள்ளையும் தாயும் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அதுவரை இருவருக்கும் பேச்சே சரியாக வரவில்லை.

அங்கே பிழைப்பு மூன்று மீனில். ஜிலேபி மீன் வகை ஒன்று. 1950-களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நைல் பெர்ச் என்ற பெரிய மீன் ஒன்று. வெட்டி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள், அதன் காற்றுப்பைக்குத் தனி விலை, இங்கே கூறல் மீனுக்குக் கிடைப்பது மாதிரி. மூன்றாவது ஒமேனா, நம் நெத்திலிபோலப் பொடி மீன். நிலா இல்லாத இரவில் விளக்கு வைத்து வளைத்துப் பிடித்து, கரையில் காயப்போட்டு விற்கிறார்கள். காயப்போடுவதும் விற்பதும் பெண்கள் கையில். ஏழைக்கு அதுதான் குழம்பு. நாங்கள் போனபோது அதற்கும் தடைக்காலம்! ஏப்ரலிலிருந்து ஜூலை வரை ஒமேனாவுக்கு வலை போடக்கூடாது. கரைக்குக் கரை மீனவர்களே சேர்ந்த குழு அதைக் கண்காணிக்கிறது. என் படகை ஏற்றி வைத்துவிட்டுப் போய், அடுத்தவன் படகும் ஏறிக் கிடப்பதைப் பார்த்தேன். ‘அரசாங்கம் நிவாரணம் ஏதாவது தருமா’ என்று கேட்டேன். சாமி மொழிபெயர்த்ததும் கூட்டமே சிரித்தது. தமிழ்நாட்டில் தருவதைச் சொன்னேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் மிகிங்கோ. ஏரிக்குள் அரை ஏக்கர்கூடத் தேறாத ஒரு பாறைத் தீவு. கென்யாவும் உகாண்டாவும் எனக்கு உனக்கு என்று நிற்கின்றன, ஏனென்றால் அதைச் சுற்றி நைல் பெர்ச் கிடைக்கிறது. அந்தப் பக்கம் போன கென்ய மீனவனை உகாண்டாக்காரன் பிடிக்கிறான், மீனை எடுத்துக்கொள்கிறான். அவர்கள் சொல்லச் சொல்ல, 1974-இல் ஒப்பந்தம் போட்டு இலங்கைக்குக் கொடுத்த கச்சத்தீவைப் பற்றி நான் சொன்னேன். 285 ஏக்கர் என்றதும், அவ்வளவு பெரிய தீவையா என்றார்கள். கச்சத்தீவில் நடக்கும் அந்தோணியார் திருவிழாவைப் பற்றித் தம்பி முன்பே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். சிறைக்குப் போன மீனவன் வீட்டுக்கு முதலில் போவது எங்கள் சாமிதான் என்றார்கள். அதை அவருக்கு எந்தக் குருமடம் கற்றுக்கொடுத்தது? நம் அப்பாவையும் சித்தப்பாவையும் பிடித்துக்கொண்டு போனபோது வாசலில் வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

வழியனுப்புப் பூசை மூன்று மணி நேரம். காணிக்கை ஆடிக்கொண்டே வருகிறது: வாழைத்தார், மக்காச்சோளம், உயிருள்ள சேவல். பூசை முடிந்ததும் பெண்கள் அம்மாவை நடுவில் நிறுத்தி, லெசோ என்கிற வண்ணத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தினார்கள். ஒரு பாட்டி மட்டும் போர்த்தவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டார். சாமி மொழிபெயர்க்கத் தயங்கினார். ‘சொல்லுங்க சாமி’ என்றார் அம்மா. ‘எங்களிடம் கேட்காமல் ஏன் கூட்டிப்போகிறீர்கள் என்கிறார்’ என்றார். அம்மா பதில் சொல்லவில்லை.

அன்றிரவு களி மாதிரி இருக்கும் உகாளியை ஒமேனாக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, ‘இன்னும் ஒரு வருஷம் கேட்டுப் பாருங்களேன்’ என்றார். இத்தனை வருஷம் எப்போது வருவார் எப்போது வருவார் என்று என் உயிரை எடுத்த அம்மா! சாமி சிரித்துவிட்டு, ‘எங்கள் சபையின் மாகாணத் தலைவர் சொல்வதுதான், என் கையில் இல்லம்மா’ என்றார்.

மதுரையில் மாலையோடு நின்றிருந்தால் எங்களுக்கு ஒரு மகன் திரும்பி வந்திருப்பார், அவ்வளவுதான். அந்த மக்களிடமிருந்து அவரை வாங்கிக்கொண்டு வருகிறோம் என்பது தெரிந்திருக்காது. வந்த பிறகு அவர் ஏன் சாப்பாட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், ஏன் இரவு பத்து மணிக்குமேல் போனில் வேறு பாஷையில் பேசுகிறார் என்று அம்மா கேட்கவே இல்லை. அவர்களுக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பது இப்போது அம்மாவுக்குத் தெரியும். யார் பேசுகிறார்கள் என்றும் தெரியும், பேர் சொல்லி விசாரிக்கிறார். சாமிக்கு இப்போது வேறு மாவட்டத்தில் பங்கு. பூசையை இழுக்கிறார் என்று அங்கே புகார் இருக்கிறதாம். மூன்று மணி நேரம் பார்த்தவன் நான், ஒன்றரை மணி நேரத்துக்கே சலித்துக்கொள்கிறவர்களிடம் என்ன சொல்வது?

கடைசியாக ஒரு விஷயம். இன்றைக்கு எடுக்கிற காணிக்கை ரோமைக்குப் போய் உலகம் முழுக்கப் பிரிவது. அதில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. தனியாக ஒரு உண்டியல் வைப்போம் என்கிறேன். வெளிநாட்டில் ஊழியம் செய்கிற பிள்ளைகளின் தாய் தகப்பன் ஒரு தடவையாவது அங்கே போய்வர டிக்கெட்டுக்கு அது உதவட்டும். கன்னியர் வீட்டாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்; அவர்களை யாரும் கேட்பதே இல்லை. தடைக்கால நிவாரணம் வந்ததும் என் படகு சார்பில் முதல் தொகையை நான் போடுகிறேன். ஏப்ரலில் கிளம்ப வேண்டுமானால் பொங்கலுக்கு முன்னாலேயே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். பெயர் மாறியிருப்பவர்கள் ஞானஸ்நானச் சான்றிதழையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு நாளை மாலை பங்குமனைக்கு வாருங்கள். நானும் பங்குப் பேரவைச் செயலாளரும் அங்கே இருப்போம்.