சிறு காலிபர் துப்பாக்கிக்கு எவ்வளவு நீளமான சைலன்சர்?

நேயர்களுக்கு வணக்கம். வேட்டைத் துப்பாக்கிகளின் குழல் முனையில் மரை வெட்டி, அதற்குச் சைலன்சர் பொருத்திக் கொடுப்பது என் தொழில். வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இருப்பதிலேயே நீளமானதை வாங்கிவிட்டால் சத்தம் நன்றாகக் குறையுமல்லவா?" குறையும். எவ்வளவு குறையும், அதற்கு ஈடாக நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிறிய காலிபர், அதாவது குழல் துளை சிறியதாக உள்ள துப்பாக்கிக்கு நான் சொல்வது இதுதான்: சைலன்சரைத் தனியாக அளக்காதீர்கள். குழலும் சைலன்சரும் சேர்ந்து எவ்வளவு நீளம் வருகிறது என்று பாருங்கள். அந்த நீளத்தைத் தோளில் சுமந்துகொண்டு புதருக்குள் நுழைய முடியுமா என்று கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு வாங்குங்கள்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்லாந்து, நார்வே, நியூசிலாந்து போன்ற நாடுகளில் சைலன்சர் வேட்டைக்காரரின் சாதாரணக் கருவி. வேறு பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும். சில நாடுகளில் முற்றிலும் தடை. உங்கள் நாட்டில் அனுமதி இருந்தால் மட்டுமே நான் இனிச் சொல்லப்போவது உங்களுக்குப் பயன்படும்.

இந்தக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டவர் அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம். 1909இல் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிமின் மகன் இவர். வானொலியில் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அமெரிக்காவின் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு 1914இல் சங்கம் அமைத்தவர்களில் முதன்மையானவரும் இதே மனிதர்தான். தந்தையின் கண்டுபிடிப்பு கிளப்பிய ஓசை கொஞ்சமல்ல. மகன் ஓசையை அடக்கும் வேலையில் இறங்கினார்.

துப்பாக்கிச் சத்தம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு சத்தங்கள். ஒன்று, குண்டு குழலை விட்டு வெளியேறியவுடன் அதன் பின்னால் பீறிட்டு வரும் சூடான வாயுவின் வெடிப்பு. சைலன்சர் அடக்குவது இதைத்தான். உள்ளே வரிசையாக இருக்கும் தடுப்புத் தட்டுகள் வாயுவைத் திருப்பிவிட்டு, சுழலவைத்து, விரியவைத்து, ஆறவைத்து மெதுவாக வெளியே அனுப்புகின்றன. மற்றொன்று, ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கும்போது எழும் சுளீரென்ற ஓசை. அது குண்டு போகும் வழியெங்கும் பிறக்கிறது. குழல் முனையில் ஒரு முழ நீளத்துக்குச் சைலன்சரை மாட்டினாலும் அதில் துளியும் குறையாது.

நீளம் பற்றிய முடிவில் பாதி இந்த இடத்திலேயே வந்துவிடுகிறது. .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகையைச் சுடும் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு 900 முதல் 1000 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. .17 எச்எம்ஆர், .22 ஹார்னெட் ஆகிய தோட்டா வகைகளும் ஒலியின் வேகத்தை இரண்டு மடங்குக்கும் மேல் தாண்டுபவை. இவற்றில் வாயுவின் வெடிப்பை ஓர் அளவுக்கு அடக்கிய பிறகு காதில் விழுவது குண்டின் சுளீரோசைதான். அதற்கு மேலும் நீளத்தைக் கூட்டுவதால் களத்தில் உங்களுக்குத் தெரியக்கூடிய பலன் மிகக் குறைவு.

.22 லாங் ரைபிளின் கதை வேறு. ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாக்கள் அதற்கு எளிதாகக் கிடைக்கின்றன. குண்டு நொடிக்குச் சுமார் 320 மீட்டர் வேகத்தில் போகும். வாயுவின் ஓசையை அடக்கிவிட்டால் விசைக்கட்டையின் சொடுக்கும், குண்டு போய்ப் படும் ஓசையும் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் வானிலையைக் கவனிக்க வேண்டும். காற்றின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். 0 டிகிரியில் அது 331. நொடிக்கு 335 மீட்டர் போகும் ஒரு தோட்டா வெயில் ஏறிய நேரத்தில் அமைதியாக இருக்கும். உறைபனி விழும் விடியலில் அதே தோட்டா சுளீரென்று ஒலிக்கும். அப்போது சைலன்சர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு பலர் என்னிடம் கொண்டுவருகிறார்கள். சைலன்சரில் ஒரு குறையும் இருக்காது. தோட்டாவை மாற்றச் சொல்லி அனுப்புவேன். மெதுவான தோட்டாவுக்கு ஒரு விலையும் உண்டு: 50 மீட்டருக்குக் குறி வைத்த துப்பாக்கியில் 100 மீட்டரில் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே போய்ப் படும். முயலை அருகில் சென்று சுடுவதற்கு மட்டுமே அது ஏற்றது.

இப்போது காதைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். உட்காதில் இருக்கும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப வளர்வதில்லை. திடீர் ஓசைக்கு 140 டெசிபெல்லை உச்ச வரம்பாகப் பணிப் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கின்றன. .22 லாங் ரைபிள் அந்த வரம்பின் ஓரத்திலேயே நிற்கிறது. .223 துப்பாக்கியோ 160 டெசிபெல்லைத் தொட்டு நிற்கும். வலது தோளில் வைத்துச் சுடுபவர்களுக்கு இடது காதுதான் முதலில் மந்தமாகும். குழல் முனையை நோக்கி இருப்பது இடது காது, வலது காதைத் தலை மறைத்துக்கொள்கிறது. வீட்டில் உள்ளவர்கள் பேசும்போது வலது காது அவர்கள் பக்கம் வரும்படி தலையைத் திருப்பிக் கேட்கும் வேட்டைக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் "சின்னத் துப்பாக்கிதானே, காதுக்கு எதற்குக் கவசம்" என்று பல ஆண்டுகள் சுட்டவர்கள்.

நல்ல சைலன்சர் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். அதனால் .223 துப்பாக்கி 140ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ வரும். பாதுகாப்பான அமைதி என்று அதைச் சொல்ல முடியாது. சைலன்சர் போட்ட பிறகும் காதடைப்பான் போடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பழைய அமெரிக்க ராணுவ முறையில், குழல் முனைக்குப் பக்கவாட்டில் 1 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் மைக் வைத்து அளப்பார்கள். உங்கள் காது அந்த இடத்தில் இல்லை. யார், எங்கே வைத்து, எந்தக் குழல் நீளத்தில் அளந்தார்கள் என்று தெரியாவிட்டால், இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை.

சரி, நீளத்துக்கு வருவோம். வாயுவின் பெரும் வேகத்தை ஒடிப்பவை முதல் ஓரிரு தட்டுகள். அடுத்தடுத்து வருபவை மிச்சத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கின்றன. அதனால் நீளத்தை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாவதில்லை. கடைசி 5 சென்டிமீட்டர் தருவது பெரும்பாலும் இரண்டு மூன்று டெசிபெல்தான். 3 டெசிபெல் என்றால் கணக்கில் ஓசையின் ஆற்றல் பாதியாகிவிடும். ஆனால் காதுக்கு அது அரிதாகவே புலப்படும் வேறுபாடு.

அந்த 5 சென்டிமீட்டருக்கு நீங்கள் கொடுப்பது எடை. அதுவும் குழலின் நுனியில் ஏறும் எடை. நீளக் கழியின் முனையில் நீர் நிறைந்த செம்பைக் கட்டித் தூக்குவது போல, அங்கே கூடும் ஒவ்வொரு 50 கிராமும் இடது கையைச் சோதிக்கும். எதிலும் சாய்த்துக்கொள்ளாமல் நின்றபடி குறி பார்ப்பவர்களுக்கு இது உடனே தெரியும். மரத்தண்டின் மேலோ முக்காலியின் மேலோ வைத்துச் சுடுபவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர் நீளமானதையே எடுத்துக்கொள்ளலாம்.

நீளத்தைக் குறைத்தாலும் உள்ளிடத்தைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது: விட்டத்தைக் கூட்டுவது. பலர் இதை நினைத்துப் பார்ப்பதேயில்லை. உருளையின் கொள்ளளவு விட்டத்தின் இருமடியோடு வளர்கிறது. 38 மில்லிமீட்டர் விட்டமும் 24 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட உருளைக்குள் எவ்வளவு இடமோ, 50 மில்லிமீட்டர் விட்டத்தில் 14 சென்டிமீட்டருக்குள்ளேயே அவ்வளவு இடம் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் மிச்சம்! பருத்தது தொலைநோக்கியின் பார்வையில் கீழ் விளிம்பை மறைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குழலின் மேல் பின்னோக்கி இழுத்து மாட்டும் வகையும் உண்டு. அதில் பாதி குழலை மூடியிருக்கும், முனைக்கு முன்னால் நீள்வது 10 சென்டிமீட்டர் போலத்தான். எடையும் கைக்கு நெருங்கி வருகிறது. குழல் மெலிதாக இருந்து, முன்குறி ஏதும் இல்லையென்றால், .223க்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த வகையைத்தான்.

குழலைக் குறைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 61 சென்டிமீட்டர் குழலில் 18 சென்டிமீட்டர் சைலன்சரை மாட்டினால் முன்பக்கம் 79 சென்டிமீட்டர் ஆகிவிடும். முட்புதரில் ஒவ்வொரு கிளையும் அதைப் பிடித்து இழுக்கும். குழலை 46 சென்டிமீட்டராக வைத்துக்கொண்டால் மொத்தம் 64. .223இல் இதனால் நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகம் குறையும். நரி அளவு விலங்கைச் சுடும் தொலைவுகளில் அது பெரிய இழப்பில்லை. ஆனால் குறைந்த குழலில் முனைக்கு வரும் வாயுவின் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அந்தக் குழலுக்கு அந்தச் சைலன்சர் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். .22 லாங் ரைபிளில் இந்தக் கவலையே இல்லை. அதன் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து ஏறத்தாழ 0.1 கிராம்தான், 40 சென்டிமீட்டர் குழலுக்குள்ளேயே அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு 30 மில்லிமீட்டர் விட்டத்தில் 12 சென்டிமீட்டர் நீளம் தாராளமாகப் போதும். அதைவிடப் பெரியதில் ஒரு சங்கடமும் இருக்கிறது: உள்ளே தங்கியிருக்கும் காற்றின் ஆக்சிஜனோடு வாயு சேர்ந்து எரிவதால் முதல் தோட்டா மட்டும் மற்றவற்றைவிடச் சத்தமாக வெடிக்கும். இடம் கூடக்கூட இதுவும் கூடும். வேட்டையில் முதல் தோட்டாதானே முக்கியம்?

.22 லாங் ரைபிள், .223 இரண்டுக்கும் ஒரே சைலன்சர் போதுமா என்று கேட்பவர்களுக்கு: .22 லாங் ரைபிளுக்கென்று செய்ததை .223இல் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள். துளையின் அளவு ஒத்துவந்தாலும் அழுத்தம் ஒத்துவராது, பிளந்துவிடும். .223க்குச் செய்ததை .22இல் மாட்டலாம், ஆனால் ஈயமும் கரியும் உள்ளே படியும். அதைக் கழற்றித் துடைக்க முடியாத வகை என்றால் சில ஆண்டுகளில் எடை கூடிக்கொண்டே போகும்.

பொருத்தும்போது நீளம் இன்னொரு விதத்திலும் சோதிக்கும். மரை அச்சிலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும் 10 சென்டிமீட்டரில் தெரியாதது 20 சென்டிமீட்டரில் தட்டை உரசும். தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழலுக்குள் சரியாகப் பொருந்தும் நேரான எஃகுக் கம்பியைப் பின்னாலிருந்து செலுத்துங்கள். சைலன்சரின் வாய்த்துளையில் கம்பி நடுவில் நிற்கிறதா, சுற்றிலும் இருக்கும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் ஒரு தோட்டாகூடச் சுடாமல் மரை வெட்டியவரிடம் திருப்பிக் கொண்டுபோங்கள்.

சைலன்சரை மாட்டியதும் குண்டு படும் இடம் மாறும். கனமும் நீளமும் கூடினால் பெரும்பாலும் மாற்றமும் கூடும். அதை மாட்டிய நிலையிலேயே குறியைத் திருத்தி, மாட்டிய நிலையிலேயே வேட்டைக்குப் போங்கள். சில தோட்டாக்களுக்கு ஒருமுறை மரை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் வெறுங்கையால் வேண்டாம்; .223இல் தொடர்ந்து பத்துப் பதினைந்து சுட்டால் உள்ளங்கை கொப்பளிக்கும் அளவுக்குச் சூடேறிவிடும். வீடு திரும்பியதும் கழற்றி உலரவையுங்கள். உள்ளே தங்கும் ஈரம் குழல் வாயைத் துருப்பிடிக்கவைக்கும். குழல் வாய் அரித்துவிட்டால் குறி தவற ஆரம்பித்துவிடும். வணக்கம்.